மஞ்சள் பெல்ட்டும் மோட்டார் சைக்கிள் திறப்பும்

என்னிடம் ஒரு மஞ்சள் பெல்ட் இருக்கிறது. என் அரிசி மில்லின் கந்தோரில், கணக்கு மேசைக்கு மேலே, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது. நெல் கொண்டு வருகிறவர்கள் முதலில் தராசைப் பார்ப்பார்கள். பிறகு அதைப் பார்ப்பார்கள்.

"ஐயா, உது ஆற்றை? பேரப்பிள்ளையின்ரயோ?"

"என்ர."

சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களின் நெல்லையும் நான் நேராகத்தான் நிறுக்கிறேன்.

அறுபது வயது கடந்த பிறகு கராத்தே பழகத் தொடங்கிய ஆள் வட்டக்கச்சியில் நான் ஒருவன்தான். கிளிநொச்சி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம். வேறு யாரும் இருந்தால் வந்து சொல்லட்டும். தேத்தண்ணி கொடுப்பேன், ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். நான் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரு தகரப் பெட்டியோடு என்னையும் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு சரி. அதன் பிறகு ஊரார் வயலில் கூலி, ஊரார் மில்லில் மூட்டை. இரண்டு மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோய் அடுக்கக்கூடிய ஆள் அந்தக் காலத்தில் நான்தான். பிறகு சொந்தமாகக் காணி, உழவு மிசின், மில். இடையில் யுத்தம் வந்து எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது மில்லில் நாலு சுவர் நின்றது, கூரை இல்லை. அந்த நாலு சுவரில் இருந்து மறுபடி தொடங்கினேன். என்னைக் கைபிடித்துத் தூக்கிவிட்டவர் என்று ஒருவரையும் நான் காட்டமாட்டேன், ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் பக்கத்து வயற்காரன் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டான். கராத்தே தொடங்கியது அங்கேதான்.

அது சிறுபோகம். சோழகக் காற்று அடிக்கிற காலம். நான் வாய்க்கால் றோட்டால் மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காற்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கியது. இடது கையால் சாரத்தைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயற்காரனின் நெல் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்துக் கமக்காரன் எவனும் அடுத்தவன் பயிரைப் பார்க்காமல் போனதாக நான் அறியேன். நானும் பார்த்தேன். நல்ல கறுப்புப் பச்சையாக நின்றது. என்ன பசளை போட்டிருப்பான் என்று யோசித்து முடிக்க முன்னம், நானும் மோட்டார் சைக்கிளும் வாய்க்காலுக்குள் கிடந்தோம்.

கிடந்த இடத்தில் முதலில் நான் செய்த வேலை சாரத்தை இழுத்துக் கட்டியது. அதன் பிறகுதான் மணிக்கட்டு முறிந்திருப்பது தெரிந்தது.

என் மகள் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். கலியாணம் முடித்து எங்களோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளைப் பூட்டி, அதன் திறப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கையில சாரம், ஒரு கையில மோட்டார் சைக்கிள், கண் ரெண்டும் அடுத்த ஆளின்ர வயலுக்குள்ள. உண்மையாச் சொல்லுங்கோ அப்பா, மூண்டில எதை ஓடினனீங்கள்?"

வகுப்பில் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

கட்டு அவிழ்த்தார்கள். கை சரி வந்தது. திறப்பு வரவில்லை. "வயசு போட்டுது அப்பா, ஓடினது காணும்" என்று சொல்லிவிட்டாள். வட்டக்கச்சியில் வாகனம் இல்லாதவனுக்கு வயல் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். என் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணி திறந்த நாளில் போய் நிற்காவிட்டால் மேலே இருக்கிறவர்கள் முழுவதையும் மறித்துவிடுவார்கள். மருமகனுக்காகக் காத்திருக்க வேண்டும். மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் நித்திரை விட்டு எழும்பி முகம் கழுவவே அவனுக்கு அரை நாள் வேண்டும்.

ஒரு நாள் பொறுமை கெட்டு நடந்தே வெளிக்கிட்டேன். பின்னால் பக்கத்து வயற்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். என்னை விடப் பத்து வயது இளையவன்.

"ஐயா, வெய்யிலுக்குள்ள என்னத்துக்கு நடக்கிறியள்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

ஏறினேன். வயலடியில் நிறுத்தி, தான் முதல் இறங்கி, "பாத்து ஐயா, மெல்ல, மெல்ல" என்று என் முழங்கையைப் பிடித்து இறக்கினான். அன்பாகத்தான் பிடித்தான். இரண்டு மூட்டை சுமந்த உடம்பு இது. அந்தப் பிடி மணிக்கட்டு முறிந்ததை விட நொந்தது. அன்றைக்கே தீர்மானித்தேன், அந்தத் திறப்பு என் சாரத்து மடிக்குத் திரும்பி வரவேண்டும். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்குகிற ரீச்சர் மில்லுக்கு வந்தார். முப்பது வயதுப் பெண், சின்ன உருவம், ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பொதுநோக்கு மண்டபத்தின் கூரையைக் கழற்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பழக்க இடமில்லை.

"ஐயா, பின்னேரத்தில நெல்லைக் குவிச்சு மூடினாப் பிறகு உங்கட தளம் சும்மா தானே கிடக்கு. சனி, ஞாயிறு மட்டும் தந்தால் காணும்."

என் மில் தளம் என்றால் சும்மா தளம் இல்லை. அவித்த நெல் காய்கிற சீமெந்துத் தளம், நான் நின்று போடுவித்தது, இவ்வளவு வருடமாக ஒரு வெடிப்பு இல்லை.

"தளத்தில செருப்போட ஏறக்கூடாது, பிள்ளை. அது நெல்லுக் காயிற இடம்" என்றேன்.

"நாங்கள் செருப்போட ஏறுறேல்லை ஐயா. ஏற முதல் குனிஞ்சு கும்பிட்டுத்தான் ஏறுவம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. கொடுத்தேன்.

முதல் பின்னேரம் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். அடிக்கப் பழக்குவார்கள் என்று நினைத்தால், அந்த ரீச்சர் பிள்ளைகளுக்கு விழப் பழக்கிக்கொண்டிருந்தார். கையை ஊன்றாமல், தாடையை நெஞ்சில் வைத்து, உள்ளங்கையால் நிலத்தை அறைந்து, உருண்டு எழும்ப வேண்டும். சின்னச் சின்னப் பிள்ளைகள் தொப் தொப் என்று விழுந்து சிரித்துக்கொண்டு எழும்பின. நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்று இருந்தது. சுமக்க, வெட்ட, உழ, ஓட எல்லாம் பழகியிருக்கிறேன். விழப் பழகவில்லை.

வகுப்பு முடிந்ததும் மெல்லக் கேட்டேன். "பிள்ளை, உந்த விழுறதை எனக்கும் பழக்கலாமோ?"

அவர் சிரிக்கவில்லை. என் காலில் இருந்து தலை வரை ஒரு முறை பார்த்தார்.

"விழுறதை மட்டும் தனியாப் பழக்கிறேல்லை ஐயா. வந்தால் முழுக்கப் பழகவேணும். முதல்ல டொக்டரிட்டக் கேட்டிட்டு வாங்கோ. மற்றப்படி எல்லாம் பிள்ளையள் மாதிரித்தான்."

"பிள்ளையள் மாதிரி எண்டால்?"

"புதுசா வாற ஆள் கடைசி வரிசையில நிக்கவேணும். வகுப்புத் தொடங்க முதல் தளத்தைக் கூட்டவேணும்."

"என்ர தளத்தையோ?"

"ஓம் ஐயா. உங்கட தளத்தைத்தான்."

வீட்டில் சொன்னேன். என் மனைவி இன்னும் மலைநாட்டுப் பேச்சை விடவில்லை. "இந்த வயசுல என்னாத்துக்குங்க இது? கை போனது பத்தாதுன்னு காலையும் ஒடச்சிக்கப் போறீங்களா?" என்றாள். மகள் சோற்றுக் கோப்பையோடு சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணி குடித்துவிட்டுச் சொன்னாள்:

"சரி அப்பா. மஞ்சள் பெல்ட் எடுங்கோ. எடுத்தால் திறப்பைத் தாறன்."

"சொன்ன சொல்லோ?"

"சொன்ன சொல்லுத்தான். ஆனா சோதினையை நான் வந்து என்ர கண்ணால பாக்கவேணும்."

அவள் பகிடிக்குச் சொன்னாள். நான் பகிடியாக எடுக்கவில்லை. டொக்டர் இரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "மெதுவாச் செய்யுங்கோ" என்றார். என் நெஞ்சு இளம் ஆட்களின் நெஞ்சு மாதிரி என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டால் பிழை.

கராத்தேக்காரர் போடுகிற வெள்ளை உடுப்பு, சட்டையும் நீளக் களுசானும், என் அளவுக்குக் கடையில் இல்லை. கிளிநொச்சி ரவுணில் தைக்கக் கொடுத்தேன். தையற்காரர் அளவெடுத்துக்கொண்டே, "ஐயா, களுசானோ? நீங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். பள்ளிக்கூடம் விட்ட நாளில் இருந்து நான் சாரம்தான், கோயிலுக்கு வேட்டி. களுசானுக்குள் கால் போட்ட ஞாபகமே இல்லை.

முதல் நாள் கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு தளத்தில் ஏறினேன். என்னிடம் நெல் அவிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், என் வயதுக்காரர், மில் தொடங்கிய நாளில் இருந்து நிற்கிறார், நாக்கு நீளம். அவர் கொதிகலனடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"முதலாளி, அந்த மூலையில உமி கிடக்கு. கண் தெரியேல்லையோ?"

ஒவ்வொரு நாளும் நான் அவருக்குச் சொல்கிற வசனம் அது. என் குரலிலேயே சொன்னார். நான் போய் அந்த மூலையைக் கூட்டினேன். அன்றைக்குத் தளம் கிடந்த துப்புரவு அதற்கு முன்னமும் இல்லை, பிறகும் இல்லை. ஒரு வேலையைச் செய்தால் அப்படித்தான் செய்வேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றது முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்பிள்ளை. அது திரும்பி, "தாத்தா, கையை இப்பிடி மடக்குங்கோ, இல்லாட்டிப் பெருவிரல் உடையும்" என்றது. மடக்கினேன். ரீச்சரை வகுப்பில் 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும். நான் அவரை சென்செய் என்பேன், அவர் என்னை ஐயா என்பார். மரியாதை இரண்டு பக்கமும் சரியாக நின்றது.

ஒரு விசயத்தில் முதல் நாளே நான் கெட்டிக்காரன். கராத்தேயில் முன்னுக்குப் போகும்போது பாதத்தைத் தூக்கக்கூடாது, நிலத்தோடு உரசிக்கொண்டு போகவேண்டும். பிள்ளைகள் கொக்கு மாதிரிக் காலைத் தூக்கி வைத்தன. நெல்லுக் காயவிடும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? காலைத் தூக்காமல், நெல்லுக்குள் பாதத்தை இழுத்து இழுத்து நடந்து, அடி நெல்லை மேலே கொண்டுவருகிறோம். அந்த நடையைப் பாதி ஆயுள் நடந்திருக்கிறேன். சென்செய் வகுப்பை நிறுத்தி, "எல்லாரும் ஐயாவின்ர காலைப் பாருங்கோ" என்றார். அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டோடு மூன்று தரம் சொன்னேன். நாலாம் தரம் மனைவி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள்.

கால் சரி. கைதான் துரோகம் செய்தது.

எங்கள் ஆம்பிளைகள் ஒரு வேலை தொடங்க முன்னம் என்ன செய்வார்கள்? சாரத்தைத் தூக்கி மடித்துக் கட்டுவார்கள். மூட்டை தூக்க, வரம்பு தாண்ட, சண்டைக்குப் போக, எல்லாவற்றுக்கும் முதல் வேலை அதுதான். நான் உதைக்கக் காலைத் தூக்கினால், முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரண்டு கையும் தாங்களாகவே இடுப்புக்கு இறங்கி, இல்லாத சாரத்தைத் தேடின. கை போன பக்கம் கண்ணும் போனது. அந்த இடைவெளியில் சென்செய் வந்து என் நெற்றியில் ஒரு விரலால் தட்டுவார்.

"ஐயா, சாரம் வீட்டில கிடக்கு."

பிள்ளைகளுக்கு அது பாட்டாகிவிட்டது. நான் காலைத் தூக்கினாலே எல்லாமாகச் சேர்ந்து, "தாத்தா, சாரம் வீட்டில" என்று சொல்லும். கொதிகலனடியில் இருந்தும் ஒரு குரல் வரும்.

மழை தொடங்கி வகுப்பு நெல் களஞ்சியத்துக்குள் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோதினை தை மாதம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் சென்செய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, கோவிக்கக் கூடாது. கை இப்பிடி இறங்கினால் சோதினையில விடமாட்டினம். அடுத்த முறைக்குப் பாப்பமோ?"

அடுத்த முறை என்றால் அடுத்த சிறுபோகம். இன்னொரு போகம் மருமகனின் நித்திரையோடும் பக்கத்து வயற்காரனின் அன்போடும். "இல்லை சென்செய், நான் வருவன்" என்றேன்.

அதற்கு ஒரு வழியை நானே கண்டுபிடித்தேன். சென்செய் சொன்னதல்ல, என் மூளை. ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு பிடி நெல்லை வைத்து மூடிக்கொண்டேன். மூடிய கையால் சாரம் பிடிக்க முடியாது. விரலை விரித்தால் நெல் கொட்டும், நிலத்தில் கிடந்து காட்டிக்கொடுக்கும். விடிய மில் தொடங்க முன்னம் களஞ்சியத்துக்குள் போய் உதைத்தேன். முதல் நாட்களில் நான் நின்ற இடத்தில் ஒரு நாத்து மேடைக்குக் காணுகிற அளவு நெல் கிடந்தது. நெல் அவிக்கிறவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதலாளி, உதைச்சு உதைச்சு விதைக்கிறியளோ?" ஆனால் அதன் பிறகு தினமும் விடிய ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்து, அதில் இருந்துகொண்டார்.

"என்னைப் பாருங்கோ. நிலத்தைப் பாத்தா நான் சொல்லுவன்."

சொன்னார். நிறையத் தரம் சொன்னார். மார்கழி முடிகிறபோது ஒரு நாள் முழுக்கப் பழகி முடித்துக் கையை விரித்தேன். நெல் அப்படியே இருந்தது, வேர்வையில் ஊறி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு. அதை அவருக்கு முன்னால் நீட்டினேன். அவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "காயேல்லை" என்றார்.

சோதினை வவுனியாவில் ஒரு மண்டபத்தில். பிள்ளைகளோடு வாடகை வானில் போனேன். மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின் சீற்றில் இருந்தாள். மண்டப வாசலில் பதிவு எழுதிக்கொண்டிருந்த தம்பி என் வெள்ளை உடுப்பைப் பார்த்தும் நம்பவில்லை.

"ஐயா, பிள்ளையளைக் கூட்டிவந்த ஆக்கள் அங்கால கதிரையில இருங்கோ."

"நான் சோதினைக்கு வந்தனான், தம்பி."

அவர் என்னைப் பார்த்தார், என் வெள்ளை பெல்ட்டைப் பார்த்தார், எழும்பி நின்று பெயரைக் கேட்டு எழுதினார்.

சோதிக்க மூன்று பேர் மேசையில் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கறுப்பு பெல்ட்டின் நிறமே வெளிறிப்போன மூத்தவர். என் முறை வந்தது. தனியாக நடுவில் நிற்கவிட்டார்கள். ஒரு பெரிய சனம் பார்த்துக்கொண்டிருந்தது. சனத்துக்குப் பயந்த ஆள் நான் இல்லை. ஆனால் பெல்ட் முடிச்சை இரண்டு தரம் இறுக்கினேன், அது முடிச்சின் பிழை.

தொடங்கினேன். கை நெற்றிக்கு நேரே, கண் முன்னுக்கு, கால் நெல்லுக்குள் போகிற மாதிரி உரசிக்கொண்டு. முதல் உதை, கை இறங்கவில்லை. இரண்டாவது உதை, இறங்கவில்லை. மூன்றாவதற்குத் திரும்பினேன். அந்த மண்டபத்து நிலம் வழுவழு மாபிள். என் தளம் மாதிரிச் சொரசொரப்பு இல்லை. பாதத்தில் வேர்வை. ஊன்றிய கால் அப்படியே முன்னுக்குப் போனது.

கால் மேலே போய் நான் சாயும்போது ஆர் ஆரோ "ஐயோ" என்றது கேட்டது. அதில் என் மகளின் குரலும் இருந்தது.

உடம்பு தன் பாட்டில் வேலை செய்தது. தாடை நெஞ்சுக்குப் போனது. கை ஊன்றவில்லை. உள்ளங்கை நிலத்தை அறைந்தது, மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரி. உருண்டேன், எழும்பினேன். எழும்பி நின்றபோது இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் நின்றன. சாரத்தைத் தேடவில்லை. வாய்க்காலுக்குள் எலும்பு முறிந்து கிடந்த நேரம்கூட முதலில் சாரத்தைப் பிடித்த கைகள் அவை. விட்ட இடத்தில் இருந்து மூன்றாவது உதையை உதைத்து, முழுவதையும் முடித்து, குனிந்து வணங்கி நின்றேன்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, நடுவில ஒருக்கா விழுந்து எழும்பினியள். அது இந்தப் பாடத்தில இல்லையே."

"இல்லை சேர். அது நான் போட்ட கொசுறு."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சும்மா விடவில்லை. "கொசுறு இல்லாமல் ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றார். பாதத்தைத் துடைத்துவிட்டு முதலில் இருந்து செய்தேன். இந்த முறை விழவில்லை. கை இறங்கவில்லை. அவர் எழும்பி வந்து, என் வெள்ளை பெல்ட்டைத் தானே அவிழ்த்து, மஞ்சளைக் கட்டிவிட்டார். என் முன் வரிசைப் பெண்பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் கிடைத்தது. இரண்டு பேரும் ஒன்றாக நின்று படம் எடுத்தோம். அது என் கந்தோரில் பெல்ட்டுக்குக் கீழே இருக்கிறது.

திரும்பி வரும்போதும் மகள் எனக்குப் பின் சீற்றில்தான் இருந்தாள். மாங்குளம் தாண்டிய பிறகு முன்னுக்குக் குனிந்து, என் தோளுக்கு மேலால் கையை நீட்டினாள். கைக்குள் திறப்பு.

"விழேக்க எனக்கு உயிர் போட்டுது" என்றாள். "பிறகு எழும்பினியள். ரெண்டு கையும் மேல நிண்டது. பாத்தனான்."

நான் திறப்பை வாங்கி மடியில் செருகப் போனேன். களுசானில் மடி இல்லை. கிளிநொச்சி வரும் வரை கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் காலை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வயலுக்கு வெளிக்கிட்டேன். தலைக்கவசம், சாரம், சாரத்துக்குள் கராத்தேக் களுசான். வாய்க்கால் றோட்டில் வாடைக் காற்று சாரத்தைத் தூக்கிப் பறக்கவிட்டது. தூக்கட்டும். இரண்டு கையும் காண்டிலில் நின்றன. பக்கத்து வயற்காரன் வரம்பில் நின்றான். என் வெள்ளைக் களுசானைப் பார்த்து வாயைத் திறந்தவன் மூட மறந்து நின்றான். நான் நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

பின்னால் இருந்து மனைவி என் முதுகில் தட்டினாள்.

"ஏங்க, அவங்க நெல்லு நம்மளத விட நல்லா வெளஞ்சிருக்குங்க."

நான் அதை நம்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.